மேடம் கையெழுத்து மட்டும் போதும்

வண்டி யாருடையது என்று கேட்டவர்கள் எல்லாருமே அவள் கணவரைப் பார்த்துத்தான் கேட்டார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு அவள் நின்றாலும் சரி, கேள்வி என்னவோ மறுபக்கக் கதவைப் பிடித்துத் தடுமாறி எழுந்திருக்கும் மனிதரைத் தேடித்தான் போகும். "சூப்பர் வண்டி சார்! மைலேஜ் எவ்வளவு தருது?" என்பார்கள். அவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அவள் பல் டாக்டர். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு நாற்காலி போட்ட கிளினிக். இருபது வருடத்துக்கு மேலாக அடுத்தவர்கள் வாய்க்குள் தலையைக் கவிழ்த்து வேலை பார்த்தவள். மகள் படிக்க வெளியூர் போன பிறகு, ஐம்பதைத் தொடும் சமயத்தில்தான் அந்த ஆசை துணிச்சலாக மாறியது. கரும்பச்சை நிறத்தில், இரண்டே இருக்கையோடு, தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்த அந்த ஸ்போர்ட்ஸ் காரை மூன்று வருட லீஸுக்கு, மாதாமாதம் பணம் கட்டுகிற ஏற்பாட்டில், எடுத்தாள். கிளினிக் வருமானத்தில், தன் பெயரில். குடியிருப்பில் இருந்த குழந்தைகள் முதல் நாளே அதற்குத் 'தவளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று.

பவிசுக்காக வாங்கியிருக்கிறாள் என்று சிலர் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். காலையில் புறவழிச்சாலையில் ஏறி, கிளினிக் திருப்பம் வரும்வரை கிடைக்கும் நேரம் அவளுடையது. அந்த நேரத்தில் யாரும் அவளிடம் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். யாரும் "என் நீலச் சட்டை எங்கே?" என்று கேட்க மாட்டார்கள். காலை அழுத்தினால் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் உறுமும். அந்த உறுமலில் அவளுக்குத் தோள் இரண்டும் தானாக இறங்கும். அவ்வளவுதான் விஷயம். இதை யாருக்கு எப்படி விளக்குவது?

தினமும் ஓட்ட அது லேசான வண்டியும் இல்லை. வேகத்தடை ஒவ்வொன்றிலும் குறுக்காக ஏற்றிக் குறுக்காக இறக்க வேண்டும். பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே வைவான். குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங் சரிவில் கொஞ்சம் அசந்தால் அடிப்பக்கம் 'சர்ர்' என்று உரசும். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கே பல் கூசும். கிளினிக்கில் கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் பெட்டி பழுதானபோது, பின்னால் வைக்க இடமில்லாமல், அதைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, விருந்தாளியைப் போலக் கூட்டிக்கொண்டு போனாள். மாமியாரை ஒருமுறை கண் டாக்டரிடம் அழைத்துப் போனதும், இறங்க முடியாமல் அவர் தவித்ததும், கண் டாக்டரின் ஆளும் இவளுமாகச் சேர்ந்து இழுத்ததும் வீட்டில் இன்றுவரை பேசப்படுகிற கதை.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். ஓட்டுகிறவள் அவள்தானே.

லீஸ் முடியப்போகிற நேரம் வந்தது. மூன்று வழி இருந்தது. மிச்சத் தொகையைக் கட்டி வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை லீஸுக்கு எடுக்கலாம். கொடுத்துவிட்டு, போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். பல்லைப் பிடுங்குவதா, காப்பாற்றுவதா என்று எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாளே, அதே மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத் தவளைக்கு பிரேக் வேலை வந்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது, ஒரு வாரத்துக்கு மாற்று வண்டி கொடுத்தார்கள். சாம்பல் நிறம், நான்கு கதவு, பார்த்தால் முகமே ஞாபகம் இருக்காத வண்டி. மூன்றாவது நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கவனித்தாள். குனிந்தால் முதுகு வலிக்கவில்லை. பல மாதமாக நாற்காலியையும் வயதையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த வலி. அது காணாமல் போயிருந்தது. சந்தோஷப்படுவதற்குப் பதிலாக, பிடித்த ஆளைப் பற்றி யாரோ வந்து கோள் சொன்ன மாதிரி அவளுக்கு இருந்தது.

தவளை திரும்பி வந்தது. வலியும் திரும்பி வந்தது. ஒரு மாலை, படுக்கையறைத் தரையில் முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்துக்கொண்டு, கணவரிடம் சொன்னாள்.

"அந்தச் சாம்பல் வண்டியில வலியே இல்லைங்க. இதுல உக்காந்தாத்தான் வருது. என்ன பண்றதுன்னே தெரியல. விட்டுடலாமான்னு தோணுது. விடவும் மனசு வரல."

"திரும்பிப் படு, மருந்து தேச்சு விடறேன்," என்றார் அவர். பொறுமையாகத் தேய்த்தும் விட்டார். அவர் கை சூடாக இருந்தது. சொல்லிவிட்டதில் அவளுக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் குடும்பத்தோடு சாப்பிட வந்தான். அவன் லிஃப்ட் விற்கும் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜர். பெரிய ஆட்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் "அண்ணி, நம்ம வண்டியைக் கொஞ்சம் குடுங்களேன்" என்று வாங்கிக்கொண்டு போவான். திரும்பி வரும்போது இருக்கை தள்ளியிருக்கும், கண்ணாடி திரும்பியிருக்கும், டேங்க் காலியாக இருக்கும். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே அவன் ஆரம்பித்தான்.

"அண்ணி, கொஞ்சம் பிராக்டிகலா பேசுவோமா?"

அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு ஆகாது. அதைச் சொல்கிறவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுத்தான் பேச வருவார்கள்.

"டெய்லி ஓட்டற வண்டியா அண்ணி அது? ஷோகேஸ்ல வெக்கிற வண்டி."

"நான் டெய்லி ஓட்டிட்டுத்தானே இருக்கேன்?"

"அதைத்தான் சொல்றேன். எவ்வளவு கஷ்டப்படறீங்க! ஏழு பேர் உக்கார்ற மாதிரி ஒண்ணு எடுத்தா மொத்தக் குடும்பமும் போகலாம், வரலாம். என்ன அண்ணா, நான் சொல்றது?"

அவள் கணவர் போனைப் பார்த்தபடி, "யோசிப்போம், யோசிப்போம்," என்றார்.

மாமியார் தன் பங்குக்கு, "எனக்கு நிமிந்து உக்கார இடம் இருந்தாப் போதும்மா. அந்த வண்டியில போனா கிணத்துக்குள்ள உக்காந்து வானத்தைப் பாக்கற மாதிரி இருக்கு," என்றார். ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. மாமியார் சொன்னது பொய்யில்லை.

"லீஸ் முடிய இன்னும் நாள் இருக்கு. நான் யோசிச்சுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வேர்ச் சிகிச்சை. கடைவாய்ப் பல். ஊசி போட்டு, உதடு மரத்து, அவர் வாயைப் பிளந்து படுத்திருக்கிறார். அவள் பல்லின் குழிக்குள் மெல்லிய ஊசிகளை விட்டு நரம்பை வழித்துக்கொண்டிருக்கிறாள். ஷோரூமிலிருந்து போன் வந்தது. கையில் உறை இருந்ததால் நர்ஸை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"குட் மார்னிங் மேடம்! ரொம்ப சந்தோஷம் மேடம். ஏழு சீட்டர், வெள்ளைக் கலர், ஸ்டாக்லயே இருக்கு. சார் எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டாரு. பழைய வண்டியை ரிட்டர்ன் எடுக்கறதுக்கும் சொல்லிட்டாரு. இனிமே மேடம் கையெழுத்து மட்டும் போதும்."

அவள் கை அப்படியே நின்றது. ஊசி வாத்தியாரின் பல்லுக்குள் இருந்தது. அசையக்கூடாது என்று கைக்குத் தெரிந்திருந்தது.

"எந்த சார்?" என்று கேட்டாள்.

"நம்ம சார்தான் மேடம். உங்க ஹஸ்பண்ட். தம்பியோட வந்திருந்தாரே."

"எப்போ?"

"சனிக்கிழமை மேடம்."

சனிக்கிழமை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்ன? முடிந்துபோன காரியத்துக்கு அவளை உட்கார வைத்து நாடகமா? யோசிப்போம், யோசிப்போம் என்றாரே, எதை யோசிக்க மிச்சம் வைத்திருந்தார்? அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"நான் கூப்பிடறேன்," என்று சொல்லி நர்ஸுக்குக் கண் காட்டினாள். போன் அணைந்தது. வாத்தியார் பிளந்த வாயோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துப்போன உதட்டை வைத்துக்கொண்டு "ழாழு ழாக்ழர்... உங்ழளைக் ழேக்ழாமயா?" என்றார்.

"பேசாதீங்க சார், கருவி உள்ள இருக்கு," என்றாள். ஆனால் 'உங்களைக் கேக்காமயா?' என்ற அந்தக் கேள்வி அவளுக்குத் தெளிவாகவே புரிந்தது. உதடு மரத்த மனிதருக்கு உறைத்தது, வீட்டில் இருக்கிறவர்களுக்கு உறைக்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பல்லை முடித்தாள். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. வாத்தியாரை அனுப்பிவிட்டு, அடுத்த இரண்டு பேரை மாலைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "மேடம், தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க," என்று நர்ஸ் நீட்டினாள். மூச்சுவிடாமல் குடித்தாள்.

ஷோரூமில் எல்லாம் கண்ணாடி. தரைகூடக் கண்ணாடி மாதிரி. டை கட்டிய பையன் ஓடி வந்து கதவைத் திறந்தான். திறந்தவன் அவளைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தான்.

"சார் வரலையா மேடம்?"

"அவர் எதுக்கு?"

"இல்ல மேடம், சும்மா..."

உட்கார்ந்தாள். பையன் எதிரில் உட்கார்ந்தான். அந்த வெள்ளை வண்டி பின்னால் பிரம்மாண்டமாக நின்றது, கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்திய குளிர்பதனப் பெட்டி போல.

"புது வண்டி யார் பேர்ல?"

"உங்க பேர்லதான் மேடம். உங்க லீஸ் ரெக்கார்டு அவ்வளவு சுத்தம். ஒரு மாசம்கூட தவறினது இல்ல."

"மாசாமாசம் கட்டப்போறது யாரு?"

"மேடம்தான்."

"கலர் யார் செலக்ட் பண்ணினாங்க?"

"சாரோட தம்பி."

"சீட்டு எத்தனைன்னு?"

பையன் ஃபைலைப் புரட்டினான். "சார்."

"அப்போ நான் எதுக்கு?"

அவன் பதில் தேடினான். கிடைத்ததைச் சொன்னான். அதுதான் அவன் செய்த தப்பு. "மேடமுக்கு முதுகு சுத்தமா முடியலன்னு சார் ரொம்ப ஃபீல் பண்ணினாரு. நைட்டெல்லாம் மருந்து தேச்சு விடறாராம். லேடீஸுக்கு இந்த வண்டி டெய்லி யூஸுக்கு செட் ஆகாதுன்னு நாங்களே சொல்லுவோம் மேடம்."

படுக்கையறைத் தரையில் படுத்துக்கொண்டு சொன்னது. கதவு சாத்தியிருந்த அறையில் சொன்னது. அது எப்படி இந்தக் கண்ணாடி மேஜைக்கு வந்தது? தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டை கட்டிய பையன் தலையாட்ட, அவள் முதுகை எடுத்து நடுவில் வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

"தம்பி, ஒண்ணு கேட்டுக்கங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "என் முதுகு உங்க ஷோரூம்ல பேசற விஷயம் இல்ல. மூணு வருஷமா லீஸ் கட்டினது நான். சர்வீஸுக்குக் கொண்டு வந்தது நான். ஆனா ஒவ்வொரு தடவையும் மெசேஜ் 'டியர் சார்'னுதான் வந்துச்சு. நானும் போகட்டும்னு விட்டேன். இன்னைக்கு விடறதா இல்ல. இந்த வெள்ளை வண்டி எனக்கு வேண்டாம். கேன்சல் பண்ணுங்க. என் வண்டியை என்ன பண்றதுன்னு நான் வந்து சொல்றவரைக்கும் வேற யார் சொன்னாலும் கேக்காதீங்க. அந்த 'யார்'ல சாரும் சேத்திதான்."

மேனேஜர் வந்தார், மன்னிப்புக் கேட்டார், காபி வரவழைத்தார். அவள் குடிக்கவில்லை. வெளியே வந்து தவளைக்குள் தன்னை இறக்கிக்கொண்டபோது இடுப்புக்கு மேலே சுரீர் என்றது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

சாயங்காலம் கணவர் வரும் நேரத்துக்குக் கீழ்த்தளப் பார்க்கிங்கிலேயே காத்திருந்தாள். அவர் தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது, தவளையின் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"உள்ள வாங்க. பேசணும்."

"வீட்டுக்குப் போய்ப் பேசலாமே."

"வீட்டுல அத்தை இருக்காங்க. உங்க தம்பி போன்ல இருப்பான். இங்க ரெண்டே சீட்டு. அதனாலதான் இங்க."

அவர் குனிந்து, மடங்கி, ஒருவழியாக உள்ளே உட்கார்ந்தார். கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஷோரூம்லேர்ந்து கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. கையெழுத்து மட்டும் போட்டாப் போதுமாம்."

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். நீதானே முதுகு வலிக்குதுன்னு சொன்ன? விட்டுடலாமான்னு தோணுதுன்னும் நீதான் சொன்ன."

"ஆமா, சொன்னேன். உங்ககிட்ட சொன்னேன். உங்க தம்பிகிட்ட சொன்னேனா? டை கட்டின பையன்கிட்ட சொன்னேனா? ஊர்ல இருக்கற எல்லார் வாயையும் நான் பாத்திருக்கேன். யார் வாயில எத்தனை சொத்தைன்னு வெளிய ஒரு வார்த்தை பேசினது உண்டா? நம்ம ரூம்ல சொன்னதை நீங்க கடைவீதியில வெச்சுட்டு வந்திருக்கீங்க."

அவர் முன்கண்ணாடி வழியாகத் தூணையே பார்த்தார்.

"அவன்தான் அவசரப்படுத்தினான். ஸ்டாக் போயிடும்னான்."

"போனாப் போகட்டும். என்னைக் கேக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? நீங்க கேட்டிருந்தா நானே விட்டுடலாம்னு சொல்லியிருப்பேன். தெரியுமா உங்களுக்கு? முக்கால்வாசி அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தேன். இப்போ விட்டா, நீங்க சொல்லி விட்டதா ஆகும். வெச்சுக்கிட்டா, உங்க மேல இருக்கற கோபத்துல வெச்சுக்கிட்டதா ஆகும். என் முடிவுன்னு ஒண்ணு மிச்சமே இல்லாம பண்ணிட்டீங்க!"

அழக்கூடாது என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அவர், அவள் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"எனக்கு இந்த வண்டி எப்போ போகும்னு இருந்துச்சு."

"ஏன்?"

"ஆபீஸ்ல எல்லாரும் இது என் வண்டின்னு நினைச்சுட்டு இருக்காங்க. முதல் தடவை நீ என்னை இறக்கிவிட்டப்போ ஒருத்தர் கேட்டாரு. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல. லீஸ் என்ன, டயர் என்னன்னு எங்கிட்டயே கேப்பாங்க. எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். மூணு வருஷமா..." நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஏழு சீட்டர்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு பாத்தேன்."

அவள் திரும்பி அவரை முழுதாகப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் இந்த மனிதரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஏதும் இருக்காது என்றுதான் நினைத்திருந்தாள். கோபம் குறையவில்லை. வேறொரு இடத்துக்கு நகர்ந்து, அங்கே இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது.

"அப்போ என் முதுகுக்காகவும் இல்ல," என்றாள். "உங்க 'ஆமா'வுக்காக."

"ரெண்டும்தான்," என்றார் சன்னமாக.

மறுநாள் கொழுந்தன் போனில் கூப்பிட்டான்.

"என்ன அண்ணி, கேன்சல் பண்ணிட்டீங்களாமே! எவ்வளவு நல்ல வண்டி! அம்மா எவ்வளவு ஆசையா இருந்தாங்க தெரியுமா?"

"தாராளமா எடுங்களேன். உங்க பேர்ல எடுங்க. நான் வேண்டாம்னா சொல்றேன்?"

"அதில்ல அண்ணி... இப்போ எனக்கு இருக்கற நெருக்கடியில..."

"அப்போ உங்க அண்ணன் பேர்ல எடுங்க. குடும்ப வண்டிதானே? குடும்பத்துல என் பேர் மட்டும்தான் கையெழுத்துப் போடுமா?"

மாமியார் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து உட்கார ஒரு வண்டி வேண்டும் என்பதில் அவருக்கு உண்மையான ஆசை. அடுத்த வாரம் முழுக்க இரண்டு மகன்களையும் மாறி மாறிப் பிடித்துக் கேட்டார். "ஏன்டா, நீ எடுக்கறியா? சரி, நீ எடுக்கறியா?" பெரியவர், அண்ணனும் தம்பியும் சேர்ந்து பார்க்கலாம் என்றார். சின்னவன் வருடக் கடைசியில் பார்க்கலாம் என்றான். சனிக்கிழமையே ஓடிப்போய் நிறம் வரைக்கும் தேர்ந்தெடுத்த அவசரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மாமியார் கடைசியில் கையை விரித்து, "போங்கடா, நான் ஆட்டோவுலயே போயிக்கறேன்," என்று சொல்லிவிட்டார். வெள்ளை வண்டி அத்தோடு மறக்கப்பட்டது.

ஆனால் அவளுக்கு விடிவு வரவில்லை. லீஸ் முடியும் தேதி வந்துகொண்டிருந்தது. புறவழிச்சாலையில் போகும்போது, வாங்கியே தீருவேன் என்று தோன்றும். மிச்சப் பணத்தைக் கட்டி, வாசலிலேயே நிறுத்தி, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைப்பேன். கிளினிக் வாசலில் இறங்கும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு இடுப்பை நிமிர்த்த ஒரு நிமிடம் ஆகும்போது, சீ, யாரைப் பழிவாங்க இந்த முதுகைப் பணயம் வைக்கிறேன் என்று தோன்றும். மாலையில் திரும்பும்போது மறுபடி கோபம் ஜெயிக்கும். எரிச்சலில் போட்ட கையெழுத்தை எத்தனை வருடம் உட்கார்ந்து ஓட்டுவது?

கடைசியில் ஷோரூமுக்குப் போனாள். இம்முறை மேனேஜரே கதவைத் திறந்தார், வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

"இதே வண்டியை இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கணும்."

"சாதாரணமா அப்படி நீட்டிக்கறது இல்ல மேடம். ஒண்ணு வாங்கிடறாங்க, இல்லேன்னா..."

"முடியுமா, முடியாதா?"

"முடியும் மேடம்."

"அப்போ குடுங்க. எனக்கு ஆறு மாசம் கோபப்பட நேரம் வேணும். அது முடிஞ்ச பிறகு முடிவெடுக்கறேன்."

மேனேஜர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஆறு மாதமும் தவளையின் சாவி அவள் கைப்பையைவிட்டு வெளியே வரவில்லை. கொழுந்தன் ஒருமுறை "அண்ணி, ஒரு முக்கியமான பார்ட்டி..." என்று இழுத்தான். "டாக்சி சொல்லட்டுமா?" என்று கேட்டாள். கணவர் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்குச் சொல்லிட்டேன், அது உன் வண்டின்னு," என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"அப்போ நீங்க சும்மா பக்கத்து சீட்டா சார்னு கேட்டுச் சிரிச்சாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துவிடக் கூடாது. முதுகு வலித்தால் இப்போதெல்லாம் அவரிடம் சொல்வதில்லை. மருந்துக் குழாயை எடுத்துக்கொண்டு அவராகவே வந்து நிற்பார். சில நாள் திரும்பிப் படுப்பாள். சில நாள், "வெச்சுட்டுப் போங்க, நானே பாத்துக்கறேன்," என்பாள். எந்த நாள் எது என்று அவரால் கணிக்க முடியவில்லை. அவளாலும்தான்.

ஆறாவது மாதத்தில் ஒரு நாள், வேகத்தடையில் வண்டியைக் குறுக்காக ஏற்றிக்கொண்டிருக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல் அவளுக்குத் தெரிந்துவிட்டது. போதும். இந்த வண்டியை ஆசை தீர ஓட்டியாகிவிட்டது. அதில் யாருடைய யோசனையும் கலந்திருக்கவில்லை. உரசிப் பார்த்தாள், இல்லை. அன்றைக்கே தனியாகப் போய் இரண்டு மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்தாள். வண்டியை ஓட்டிக் காட்ட வந்தவர்களிடம் முதலில் இருக்கையை மட்டும் பேசினாள், பிறகுதான் மற்றதை. நிமிர்ந்து உட்கார முடிகிற, நான்கு கதவுள்ள, எஞ்சினில் மட்டும் கொஞ்சம் திமிர் இருந்த ஒரு செங்கல் நிற வண்டியை, லீஸ் இல்லாமல், சொந்தமாகவே வாங்கினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் கணவர்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர், "சரி, சரி," என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தவளையைத் திருப்பிக் கொடுக்கப் போன காலையில், புறவழிச்சாலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். ஷோரூமில் அதே டை கட்டிய பையன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கீறல் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டான். "எதுக்காக ரிட்டர்ன் பண்றீங்கன்னு கேக்கணும் மேடம், கம்பெனி ரூல்," என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"முதுகு வலி," என்றாள் அவள்.

பையன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தானே சொல்றேன்? தைரியமா எழுதிக்கங்க," என்றாள்.

செங்கல் நிற வண்டியில் கிளினிக்குக்குப் போனபோது முதுகு ஒரு வார்த்தை பேசவில்லை. புறவழிச்சாலையில் காலை அழுத்தினாள். வண்டி நல்ல பிள்ளையாக வேகம் எடுத்தது. ஆனால் அந்த உறுமல் இல்லை. இல்லாமல் போனது அவளுக்கு நெஞ்சுக்குள் சுள்ளென்று பட்டது. கண்ணாடியை இறக்கி, யாரும் கேட்காத அந்தச் சாலையில், தொண்டையிலிருந்து தானே ஒருமுறை உறுமிப் பார்த்தாள். அவ்வளவு மோசமாக இல்லை. முதல் நோயாளிக்கு நேரமாகிவிட்டது. திருப்பத்தில் இண்டிகேட்டரைப் போட்டு, புறவழிச்சாலையிலிருந்து வண்டியை இறக்கினாள்.